முதலில் நடந்தவர்

2016 ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு இருபது. நிழலில் நாற்பத்தோரு டிகிரி. காற்று இல்லை. கங்கம்மா கோவில் வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை என்பதை இரண்டு முறை பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டேன். மண்டபத்தில் பதினேழு பேர் இருந்தோம். ஜாத்திரைக் கமிட்டி ஒன்பது பேர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஏழு பேர், பதினேழாவதாக அவர். எங்கள் ஊர் ராஜா. அவரை ராஜாவாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற தீர்மானத்தை எழுதியவன் நான். அதை அவர் முகத்துக்கு எதிரே வாசித்தவனும் நான்.

மூன்று பக்கம், ஒன்பது காரணம், பதினோரு நிமிடம். அவர் இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"கேட்டுக்கினேன் சார்."

அவ்வளவுதான். வாசல்வரை போனவர் திரும்பினார். "அஞ்சு பத்து பஸ்ஸுக்கு யாரும் நிக்காதீங்க. ஞாயித்துக்கெழமைல அது வராது. நாலு அம்பதுதான்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, அந்த நாலு ஐம்பதைப் பிடிக்கப் போய்விட்டார்.

ராஜா என்றதும் கிரீடம், குதிரை என்று நினைக்க வேண்டாம். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பஸ் அறிவிப்பது அவர் வேலை. முப்பத்து நான்கு வருஷம் அதைச் செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய முன்னோர்களுக்கு எங்களைச் சுற்றி இருபத்திரண்டு கிராமங்கள் இருந்தன. ஜமீன் ஒழிப்பில் அவை போயின. வீடு கடனில் போயிற்று. கோட்டை என்று ஒன்று இருந்ததற்குச் சாட்சியாக ஒரு மாந்தோப்பின் நடுவே பதினாறு அடி நீளத்துக்கு ஒரு சுவர் நிற்கிறது. அதில் வரட்டி தட்டுகிறார்கள். இத்தனை போன பிறகு அவருக்கு மிஞ்சியது வருஷத்தில் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை.

அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. வடமாலபேட்டையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் இரண்டு தெரு. மேலத்தெருவில் 112 வீடு, கீழத்தெருவில் 109. மே மாத ஜாத்திரையன்று இரண்டு தெருவும் தனித்தனியாகக் கரகம் ஜோடித்துக்கொண்டு வந்து நாலு ரோட்டில் சந்திக்கும். அங்கிருந்து கோவிலுக்கு முன்னூற்றுப் பத்து அடி. எந்தக் கரகம் முன்னே போவது என்ற கேள்வி எழும் இடம் அது. எழாது. ஏனென்றால் முன்னே அவர் போவார். முதுகுக்குப் பின்னால் ஒரு பிரம்பைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நடப்பார். இரண்டு கரகமும் அந்தப் பிரம்பைத் தாண்டாமல் அக்கம்பக்கமாக வர வேண்டும். கோவில் வாசலோ ஒடுக்கம், இரண்டே முக்கால் அடி. நானே அளந்திருக்கிறேன். அங்கே பிரம்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கரகங்களையும் வாங்கி இரண்டு தோளிலும் ஏற்றிக்கொண்டு, ஜனங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து உள்ளே போவார். அப்படிப் போனால் எது வலம், எது இடம் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவருக்கு வலது, நமக்கு இடது. அவர் முதல் என்பதால் எங்கள் ஊரில் யாரும் இரண்டாவது இல்லை.

இதெல்லாம் இப்போது புரிகிறது. அப்போது அது எனக்கு வெறும் நாடகமாகத்தான் பட்டது.

நான் மண்டல ஆபீசில் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்தவன். மழைமானியில் தினமும் காலை எட்டரைக்கு எத்தனை மில்லிமீட்டர், எத்தனை ஏக்கர் நிலக்கடலை, எத்தனை கறவை மாடு என்று முப்பத்தோரு வருஷம் எண்ணியவன். கணக்குக்குத் தெலுங்கில் லெக்க, அதனால் ஊரில் என்னை 'லெக்க சார்' என்பார்கள். எண்ணாமல் விட்ட இரவில் எனக்குத் தூக்கம் பிடிக்காது. புத்தூரில் வேலை பார்த்த காலத்தில் தினமும் அந்த பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். கூரையில் கட்டிய குழாயிலிருந்து முதலில் தெலுங்கிலும் பிறகு தமிழிலும் அவர் குரல் வரும். வடமாலபேட்டை வழியாகத் திருப்பதி. நகரி வழியாகத் திருத்தணி. கொஞ்சமும் ஏற்ற இறக்கம் இல்லாத குரல். எந்த ஊரையும் கூடுதலாக நேசித்ததில்லை, எந்த ஊரையும் குறைத்ததில்லை.

மைக்குக்கு வெளியே அவர் பேசிக் கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்கள் கேட்டதும் 'கேட்டுக்கினேன்' என்ற ஒரு சொல்லைத்தான். யாராவது வந்து தம்பிமீது புகார் சொல்வார்கள். "கேட்டுக்கினேன்." அதே மாலையில் தம்பி வந்து அண்ணன்மீது சொல்வான். "கேட்டுக்கினேன்." இரண்டு பேரும் தொரையே நம் பக்கம்தான் என்று திருப்தியாகப் போவார்கள். ஒரு முறை வேலி ஓரத்து மாமரத்துக்காக இரண்டு வீட்டார் அவரிடம் வந்தார்கள். கிளை ஒரு நிலத்தில், வேர் இன்னொரு நிலத்தில். மூன்று பஸ்ஸை அறிவித்துக்கொண்டே இரண்டு பக்கத்தையும் கேட்டார். நாற்பது நிமிடம். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போய் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறி ஊருக்கு வந்துவிட்டார்கள். அந்த மரம் இன்னும் இருக்கிறது. வழக்கு இல்லை.

டீ விஷயம் இன்னொன்று. யார் வாங்கிக் கொடுத்தாலும் குடிக்கமாட்டார். "இப்பதான் சார் குடிச்சேன்" என்பார். பிறகு தனியாகப் போய்த் தன் காசில் குடிப்பார். பதினெட்டு வருஷத்தில் அவருக்கு ஒரு டீ வாங்கித்தர நான் இருபத்தாறு முறை முயன்றிருக்கிறேன். ஒரு முறைகூட நடக்கவில்லை. இதை வீட்டில் சொல்லிக் குறைப்பட்டபோது என் மனைவி சரோஜா முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நீங்க மேலத்தெரு. உங்க டீய குடிச்சிட்டு நாளைக்கு அவுரு எந்த மூஞ்சிய வச்சிக்கினு கீழத்தெரு கரகத்த வாங்குவாரு?"

"டீக்கும் கரகத்துக்கும் இன்னா சம்மந்தம்?"

"அத எண்ணிப் பாருங்க. எல்லாத்தையும் எண்றீங்களே."

ஒன்றைச் சொல்ல வேண்டும். அது என்னை அப்போதே சங்கடப்படுத்தியது. அவருடைய தங்கை மகளுக்கு எங்கள் ஊர்க் கீழத்தெருவில் சம்பந்தம் ஆயிற்று. திருமண மண்டபத்தின் வாசல்வரை வந்தார். மணமக்களை வாசலுக்கே வரவழைத்து ஆசீர்வாதம் செய்து கவரைக் கொடுத்தார். தங்கை கையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, ஒரு வாய் துன்னுட்டுப் போண்ணே. தாய்மாமன் எலையில உக்காரலன்னா ஊரு இன்னா பேசும்?" அவர் தங்கையின் தலையைத் தொட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். கீழத்தெருவில் சாப்பிட்ட ராஜா என்ற பேச்சு வந்துவிடக் கூடாது. அந்தப் பந்தியில் 340 இலை போட்டார்கள். ஓர் இலை காலியாக இருந்ததை எண்ணியது நான் மட்டுமாக இருந்திருக்காது.

அப்படியானால் ஏன் அவரை நீக்க நினைத்தாய் என்று கேட்பீர்கள். தீர்மானத்தில் எழுதிய ஒன்பது காரணங்களும் நியாயமானவை. இன்றைக்கும் சொல்வேன். பிறந்ததைத் தவிர வேறு எதையும் செய்யாத ஒருவருக்கு முதல் மரியாதை எதற்கு? ஓட்டுப் போட்டுச் சர்பஞ்சையே தேர்ந்தெடுக்கும் ஊரில் யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ராஜா எதற்கு? வேட்டி, பரிவட்டம், மாலை, தேங்காய் பழம், சாப்பாடு என்று வருஷத்துக்கு 680 ரூபாய் எதற்கு? ஒன்பதாவது காரணம்தான் எனக்கு முக்கியம். இவர் நல்லவர். இவருக்குப் பிறகு வருபவன்? அவன் குடிகாரனாக இருந்தாலும் மூடனாக இருந்தாலும் மறுக்க வழியில்லை. பிறந்தவன் வந்து நிற்பான், நாம் மாலை போட வேண்டும். இதற்கு இன்றுவரை யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

ஆனால் எழுதாத பத்தாவது காரணம் ஒன்று உண்டு. 2015 ஜாத்திரைக்குப் பதினான்கு டியூப் லைட் கட்டியதாக பில் வந்தது. கட்டியது பதினொன்று. நான் எண்ணியிருந்தேன். பில்லைக் கொண்டுவந்தவர் முனிரத்தினம், மேலத்தெருவில் பால் சென்டர் வைத்திருப்பவர், கமிட்டித் தலைவர். கூட்டத்தில் வாக்குவாதம். அந்த லைட்டுகளின் கீழே இரண்டு மணி நேரம் நின்றவர் ராஜா. நான் அவரைப் பார்த்துக் கேட்டேன்: "நீங்க பாத்தீங்கல்ல? பதினொண்ணுதானே?"

"கேட்டுக்கினேன் சார்."

"கேட்டுக்கினது இருக்கட்டும். எத்தினி?"

அவர் என்னையே பார்த்தார். முனிரத்தினம் சிரித்தார். "தொரயே சொல்லல, லெக்க சாரு சொல்ட்டாரு!"

அன்றிரவு மூன்று முறை எழுந்து தண்ணீர் குடித்தேன். பதினொன்று என்பது பதினொன்று. அதைச் சொல்லத் தெரியாத ஒரு வாய்க்கு ராஜா என்று பெயரா? மறுநாள் காலை மழைமானி பார்க்கும் பழக்கத்தில் எழுந்தவன், வெள்ளைத்தாளை எடுத்து முதல் காரணத்தை எழுதினேன். முனிரத்தினமும் மறுக்கவில்லை. ராஜா இல்லாவிட்டால் முதல் மரியாதை கமிட்டித் தலைவருக்குத்தான் என்று அவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். கீழத்தெருவில் மாந்தோப்பு வைத்திருக்கும் தாமோதரம் தம் தெருவுக்கு வரும் என்று வேறொரு கணக்குப் போட்டிருந்தார். எனக்குத் தெரிந்தது என் கணக்கு மட்டும். ஒன்பது ஓட்டும் தீர்மானத்துக்கு ஆதரவாக விழுந்தன. எங்கள் கமிட்டியில் அப்படி விழுந்தது அந்த ஒரு முறைதான்.

2016 மே 24, செவ்வாய். காலை ஏழு ஐந்துக்கு இரண்டு கரகமும் நாலு ரோட்டுக்கு வந்தன. முன்னே யாரும் இல்லை. முன்னூற்றுப் பத்து அடி வெறும் பாதை. என்னிடம் திட்டம் இருந்தது: இரட்டை வருஷம் மேலத்தெரு, ஒற்றை வருஷம் கீழத்தெரு. எளிமையானது, நியாயமானது. வாசித்தேன்.

தாமோதரம் முன்னால் வந்தார். "சார், இது எந்த வருசம்?"

"ரெண்டாயிரத்துப் பதினாறு."

"ரெட்டையா, ஒத்தையா?"

"ரெட்டை."

"ரெட்டை வருசம் மேலத்தெருன்னு எண்ணினது யாரு? மேலத்தெரு லெக்க சாரு. ஏம்பா, எல்லாரும் கேட்டுக்கினீங்களா?" என்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார். கீழத்தெரு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்க தெருவுல நூத்திப் பன்னெண்டு வீடு. உங்களுதுல நூத்தி ஒம்பது. நீங்களே எண்ணிப் பாருங்க" என்றார் முனிரத்தினம்.

"மூணு வீடு கூடன்னு அம்மனுக்கு லெட்டர் போட்டியா நைனா?"

சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாம் என்றேன். சீட்டை மடித்தவன் எந்தத் தெரு என்றார்கள். காசு சுண்டலாம் என்றேன். காசு யாருடையது என்றார்கள். கரகம் தூக்கியவர்கள் மூன்று மணி நாற்பது நிமிடம் நின்றார்கள். பூ வாடிற்று. ஒருவருக்குக் கால் நடுங்கியது. பத்து நாற்பத்தைந்துக்கு யாரோ யாரையோ தள்ளினார்கள். கீழத்தெருக் கரகம் கீழே விழுந்து உடைந்தது. பெண்கள் போட்ட கூச்சல் எனக்கு இன்னும் கேட்கிறது. நடுவில் கையை நீட்டியவன் நான். இடது மணிக்கட்டு முறிந்தது. புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். மைக்கில் வேறொரு குரல். திருப்பதி பஸ் மூன்றை விட்டேன்.

அதற்குப் பிறகு போலீஸ் வந்தது, வழக்கு வந்தது. ஜாத்திரை நின்றது. வழக்குக் காகிதத்தில் முதல் பிரதிவாதி நான், ஏனென்றால் தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. எப்படியோ எனக்கும் ஒரு முதலிடம் கிடைத்துவிட்டது. ஏழு வருஷம் கங்கம்மாவுக்கு ஜாத்திரை இல்லை. அதில் இரண்டு வருஷம் நாட்டில் எங்கேயும் ஜாத்திரை இல்லை, நோய்க்காலம். அந்த இரண்டை எங்கள் பாவத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. சித்தூர் ஜில்லா இரண்டானபோது ஊர் திருப்பதி ஜில்லாவோடு சேர்ந்தது, பழைய காகிதங்களுக்காகச் சித்தூருக்குப் போக வேண்டியிருந்தது. வாய்தாவுக்குப் போன நாட்கள் நாற்பத்து மூன்று. மழை பெய்யாத வருஷம் வந்தால் பெண்கள் என் வீட்டைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஏழாம் வருஷம் இரண்டு தெருவும் களைத்துப்போயின. முனிரத்தினத்துக்குச் சர்க்கரை, தாமோதரத்துக்கு முழங்கால். இரண்டு வக்கீல்களும் ஒரே யோசனையைச் சொன்னார்கள்: பழையபடி ராஜா முன்னே நடக்கட்டும், வழக்கைத் திரும்பப் பெறுங்கள். இரண்டு தெருவும் ஒப்புக்கொண்டன. யார் போய்க் கூப்பிடுவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை நான்கு முப்பத்தைந்துக்குத் திருப்பதியில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். முதல் மாடி, பத்தொன்பது படி. கதவு திறந்திருந்தது. டிவியில் லண்டனில் ஒரு ராஜாவுக்கு முடி சூட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று, நான் ஏழு வருஷமாக எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். பேச ஆரம்பித்தார்.

"வாங்க லெக்க சார்! உக்காருங்க. தோ பாருங்க இந்த மனுசன. எழுவது வயசுக்கு மேல வேலைக்குச் சேர்றாரு. நமக்கெல்லாம் ரிட்டைர்மெண்டாவது உண்டு. அந்தத் தொப்பி இன்னா வெயிட்டு இருக்கும்? கழுத்தப் பாருங்க, அசைக்கவே பயப்படுறாரு. பாவம் சார்."

"அந்த ஊர்ல இன்னும் எதுக்கு வச்சிக்கினு இருக்காங்கன்னு…" என்று இழுத்தேன்.

"எதுக்கா? அவுரு உக்காந்தாதான் வேற எவனும் அந்தச் சேர்ல உக்கார மாட்டான். கட்சிக்காரன் கீழ நின்னு அடிச்சிக்கலாம், மேல ஏற முடியாது. நல்லதுதான். ஆனா எவ்ளோ செலவு பாருங்க. ஜனங்க துன்றதுக்கு இல்லன்னு நேத்து நியூஸ்ல காட்டறான், இன்னிக்குத் தங்க வண்டி காட்டறான். எனக்கு ஒத்துக்கல சார். சொல்லிட்டேன்."

நல்லது, கெட்டது இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் மூன்று பக்கத்தில் எழுதியதைவிட நன்றாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

விஷயத்தைச் சொன்னேன். இரண்டு தெருவும் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நீட்டினேன். வழக்கமான அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அவர் காகிதத்தைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"முடியாது சார்."

அவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கோவமா இருக்கீங்க. தப்பு என்மேலதான்…"

"கோவமா? அன்னிக்கு நீங்க படிச்சிக்கினு இருக்கசொல்ல எனக்கு உள்ள இன்னா ஆச்சி தெரியுமா? நாலாவது காரணம் வரைக்கும் வருத்தமா இருந்துச்சி. அஞ்சாவதுல இருந்து, ஐயோ இவுரு பாதியில நிறுத்திடப் போறாருன்னு பயம் வந்துடுச்சி."

டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"பதினெட்டு வயசுல எங்க நைனா போய்ட்டாரு. அப்ப கைல பிரம்பக் குடுத்தாங்க. அன்னிலர்ந்து நான் யாரு நல்லவன், யாரு கெட்டவன்னு சொன்னதில்ல. ஓட்டுப் போட்டதில்ல. எலெக்ஷன் அன்னிக்குத் திருத்தணிக்கு ஓடிடுவேன். தங்கச்சி மக கல்யாணத்துல துன்னல. இன்னிக்கும் அவ அதச் சொல்லி அழுவுறா. உங்க டியூப் லைட்டு பதினொண்ணு சார். நானும் எண்ணினேன். பதினொண்ணு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எட்டு வருஷம் கழித்து வந்த விடை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"இப்ப நான் ரெண்டு வாட்டி ஓட்டுப் போட்டுட்டேன். யாருக்குன்னு இந்தத் தெரு பூரா சொல்லிக்கினு திரியறேன். இங்க தண்ணிக் கமிட்டிக்குச் செகரெட்டரியா நின்னேன். பதினோரு ஓட்டுல தோத்தேன்." அவர் முகம் மலர்ந்தது. "எங்க முப்பாட்டனுங்க துப்பாக்கிக்குத் தோத்தவங்க. ஓட்டுக்குத் தோத்தது எங்க வம்சத்துல நான்தான் மொதல். இன்னா சொகம் தெரியுமா சார், தோத்துட்டு வந்து திட்டறது!"

"ஊருக்காக ஒரே ஒரு நாள்…"

"ஒரு நாள்னு நீங்க சொல்றீங்க. அந்த ஒரு நாளுக்கு முன்னூத்து அறுவத்து நாலு நாளு வாய மூடிக்கினு இருக்கணும். இப்ப வாயத் திறந்துட்டேன். தாமோதரத்தோட மச்சான்கிட்ட, மேலத்தெருக்காரங்க பால்ல தண்ணி ஊத்தறாங்கன்னு போன மாசம் பஸ்ஸுலயே சொன்னேன். நெசம்தான் சார் அது. இனிமே நான் பிரம்பு புடிச்சா மேலத்தெரு நம்புமா?"

அவருக்கு ஒரு மகன் இருந்தான், ஹைதராபாத்தில். நான் அந்தப் பேச்சை எடுப்பதற்கு முன்பே கையைக் காட்டித் தடுத்தார்.

"அவன விட்டுடுங்க. உங்க ஒம்பதாவது காரணம் ஞாபகம் இருக்கில்ல? அது நல்ல காரணம்."

வாசல்வரை வந்தார். படியில் நான் ஐந்தாவது படியை எண்ணும்போது மேலிருந்து கூப்பிட்டார். "யாருக்கும் பொறாமை வராத ஆளா பாத்து முன்னால நிறுத்துங்க சார். ராஜாவா இருக்கணும்னு அவசியம் இல்ல."

வீட்டுக்கு வந்து சொன்னேன். சரோஜா அதுவரை ஆன செலவைக் கேட்டாள். வக்கீல் பீஸ், வாய்தா பஸ், மணிக்கட்டு, காகிதம், எல்லாம் சொன்னேன். அவள் விரலை மடக்கவில்லை, தாள் எடுக்கவில்லை.

"அந்தப் பணத்துக்கு எம்பது வருசத்துக்கு மேல ராஜாவ வச்சிக்கினு இருந்திருக்கலாம்."

"அவருக்கு வேணாமாம்."

"அப்ப அவருக்கு நீங்க நல்லதுதான் பண்ணியிருக்கீங்க. ஊருக்குத்தான்…" என்று நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாக்கியத்தின் மீதியை நான் பல இரவுகள் எழுதிப் பார்த்திருக்கிறேன்.

சமரசத்தில் ஒரு வழி எழுதினார்கள்: காவலுக்கு வரும் கான்ஸ்டபிளே முன்னே நடப்பார். 2024 மே 21, செவ்வாய், காலை ஏழு மணி. அதிகாலையில் லேசான தூறல், மழைமானி இல்லாததால் அளவு தெரியாது. வந்தவர் சூளூர்பேட்டைப் பக்கத்துக்காரர். எங்கள் இரண்டு தெருவிலும் அவருக்கு மாமன் மச்சான் கிடையாது. பிரம்புக்குப் பதில் லத்தி. பாதி வழியில் போன் வந்தது. "டூட்டிலோ உன்னானு" என்று, டூட்டியில் இருப்பதைத் தெலுங்கில் மெதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். இரண்டு கரகத்தையும் தோளில் ஏற்றி, பின்பக்கமாக நடக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நிலைப்படியில் தலை இடித்துக்கொண்டார். கரகம் இரண்டும் பத்திரம். எங்கிருந்தோ ஒரு கிழவி வந்து அவருடைய தொப்பிமேலேயே பரிவட்டத் துணியைக் கட்டிவிட்டாள். அவர் அதை அவிழ்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அடுத்த வருஷமும் இவரையே அனுப்பும்படி எழுதிப் போடலாம் என்று முனிரத்தினமும் தாமோதரமும் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. இப்படித்தான் ஆரம்பிக்கும்.

கூட்டத்தில் என் தோளை யாரோ தட்டினார்கள். ராஜா. கட்டம் போட்ட சட்டை. முதல் முறையாக அவர் எங்கள் ஜாத்திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிறார். இடது ஆட்காட்டி விரலை என் கண்ணுக்கு முன் நீட்டினார். எட்டு நாள் முன்பு வைத்த மை, இன்னும் அழியவில்லை.

"கான்ஸ்டபிளு கொஞ்சம் வேகமா நடக்கறாரு" என்றார். "வெரட்டிக்கினு போற மாதிரி. இந்த எடத்துல நிதானம் வேணும். சொல்லுங்க அவுருகிட்ட."

"நீங்களே சொல்லுங்க."

"சொல்றேன், சொல்றேன். எனக்கு இன்னா பயம்?" சிரித்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மூச்சு கொஞ்சம் வாங்கியது. அதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஜாத்திரைக்கு அவர் இல்லை.

தங்கை மகள் வீட்டில் காலையிலேயே சாப்பிட்டுவிட்டாராம். கீழத்தெருவில், நடு இலையில் உட்கார்ந்து. கூழ் மூன்று சொம்பு என்றார். எண்ணியிருக்கிறார்.

பிறகு கரும்புச்சாறு வண்டியைப் பார்த்தார். மேலத்தெருக்காரன் வண்டி. என்னைப் பார்த்தார்.

"இன்னா லெக்க சார், சும்மா நிக்கிறீங்க? ஒண்ணு வாங்கிக் குடுங்க."

இருபத்தேழாவது முயற்சியை நான் செய்யவே இல்லை, அவரே கேட்டுவிட்டார். இரண்டு டம்ளர். ஐஸ் வேண்டாம் என்றார், எலுமிச்சை கூடப் பிழியச் சொன்னார், நுரையை ஊதிவிட்டு ஒரே மூச்சில் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார். ஒரு டம்ளர் இருபது ரூபாய், இரண்டுக்கு நாற்பது. அதையும் சேர்த்து, அவரை நீக்கிய வகையில் எனக்கு ஆன மொத்தச் செலவு ஐம்பத்தெட்டாயிரத்து எழுநூற்று முப்பது ரூபாய்.